அறுத்த வயர் எதுவென்று எழுதிக் கொடுங்கள்

கார்களுக்கு அலாரமும் ரிமோட் லாக்கும் பொருத்தித் தரும் எலக்ட்ரீஷியன்களுக்கு,

வணக்கம்.

பெட்ரோல் போட்டு, பணம் கொடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிந்தன. செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. ஒரு ‘டக்’ சத்தம்கூட இல்லை. பின்னால் நின்றவர்கள் ஹார்னை அழுத்தத் தொடங்கிவிட்டார்கள். பங்க்கில் வேலை பார்த்த இரண்டு பையன்கள் தள்ளிவிட்டார்கள். இரண்டாம் கியரில் கிளட்சை விட்டதும் இன்ஜின் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பியது.

அடுத்த இரண்டு நாள் மெக்கானிக்கிடம் போயிற்று. பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது, அதில் குறையில்லை. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி வெளியே வைத்துச் சுற்றிப் பார்த்தார். அதுவும் நன்றாகத்தான் சுற்றியது. ரிமோட்டும் வேலை செய்யவில்லை என்பதை நான் ஒரு தகவலாகக்கூடச் சொல்லவில்லை. ரிமோட்டுக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்துச் சாவியால் பூட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் வந்த வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர் ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, “அலாரம் யார் போட்டது?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது. கார் பழையதாக வாங்கியது. அலாரம் அதோடு வந்தது.

கறுப்பு டேப்பை உரித்ததும் கதை வெளியே வந்தது. அலாரம் பெட்டியின் எர்த் வயரைப் பெயின்ட் அடித்த தகட்டில் ஒரு திருகுக்குக் கீழே மாட்டியிருந்தார்கள். பெயின்ட்டைச் சுரண்டவில்லை. வருடக்கணக்கில் திருகு வழியாக மட்டும் ஓடிய எர்த், துரு ஏறியதும் நின்றுவிட்டது, பெட்டி செத்துவிட்டது. அதோடு போயிருந்தால் அலாரம் மட்டும்தான் இல்லாமல் போயிருக்கும். ஆனால் செல்ஃப் வயரை அறுத்து நடுவில் வைத்த ஐந்து கால் ரிலேயில் (மின்சாரம் வந்தால் தானே மாறும் சுவிட்ச்) 87a என்ற காலுக்குப் பதில் 87-இல் இணைப்பு கொடுத்திருந்தார்கள். உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்: 87a-இல் கொடுத்தால் ரிலே ஓய்ந்திருக்கும்போது செல்ஃபுக்கு வழி திறந்திருக்கும், அலாரம் செத்தாலும் கார் கிளம்பும். 87-இல் கொடுத்தால் அலாரம் உயிரோடு இருந்து உத்தரவு கொடுத்தால்தான் கார் கிளம்பும்.

பொருத்தியவர் தெரியாமல் செய்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. திருடன் அலாரம் பெட்டியைப் பிடுங்கிப் போட்டாலும் கார் கிளம்பக் கூடாது என்று யோசித்திருப்பார். நியாயமான யோசனைதான். ஆனால் நடுவழியில் நிற்கும் ஆபத்தா, திருட்டுப் போகும் ஆபத்தா, எதை ஏற்பது என்று முடிவெடுக்க வேண்டியவர் காரின் சொந்தக்காரர் அல்லவா? அவரிடம் யாராவது கேட்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ரிலே என்னை நிறுத்தியது, தள்ளிவிட்ட இரண்டு பையன்களை நிறுத்தவில்லை. கியர் போட்டு ஓட்டும் சின்னக் காரில் செல்ஃபை மட்டும் அறுத்தால், இக்னிஷனை உடைத்துத் திறக்கத் தெரிந்தவன் தன்னோடு தள்ளிவிட ஒரு ஆளை அழைத்து வந்தால் போதும்.

இதற்காக, இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப்பின் வயரை அறுக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஓடும்போது ஒரு லூஸ் இணைப்பு விட்டுப்போனால் இன்ஜின் அணைந்துவிடும். பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டரில் மிஞ்சிய வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். செல்ஃப் வயர் விட்டுப்போனால் நின்ற இடத்தில் நிற்பேன், அவ்வளவுதான்.

வண்டியில் இம்மொபிலைசர் இருக்கிறதா என்று வேலையைத் தொடங்குமுன் பாருங்கள். சாவிக்குள் சிப் இருந்தால், அது இல்லாமல் இன்ஜின் கணினி எரிபொருளை உள்ளே விடாது. ஐரோப்பாவில் புதிய கார்களுக்கு 1998 முதல் அது கட்டாயம். அமெரிக்காவில் 2021, 2022 வாக்கில் கியா, ஹூண்டாய் கார்கள் கொத்துக் கொத்தாகத் திருடு போனதே பல மாடல்களில் அது இல்லாததால்தான். இம்மொபிலைசர் இருக்கும் சின்னக் காரில் செல்ஃபையும் அறுத்து ரிலே போடுவது, பூட்டிய கதவின் முன்னால் நாற்காலியை நகர்த்தி வைப்பது மாதிரி. நாளைக்கு அதில் தடுக்கி விழப்போவது வீட்டுக்காரர்தான். ஆனால் ரிமோட்டில் இன்ஜினைக் கிளப்பும் வசதியைச் சேர்ப்பதற்காக, உபரிச் சாவியின் சிப்பை டேஷுக்குள்ளேயே ஒளித்து வைக்கும் வழக்கம் இருக்கிறதே, அதை நினைத்தால்தான் பயம். கம்பெனி கொடுத்த நல்ல பூட்டை நாமே திறந்து வைத்துவிட்டு, மேலே ஒரு சைரனை மாட்டுகிறோம்.

சின்னக் காரில் உங்களுக்கு இருக்கும் கஷ்டம் எனக்குத் தெரியும். டிரைவர் சீட்டுக்கு முன்னால் மல்லாந்து படுத்து, கால் கதவுக்கு வெளியே தொங்க, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு வேலை செய்ய வேண்டும். கழுத்து வலிக்கும்போது இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டு எழுந்துவிடத் தோன்றும். ஆனால் வெயிலில் நிற்கும் காருக்குள் டேப்பின் பசை உருகும். அதிர்வில் முறுக்கு தளரும். வயரின் தோலைக் கிழித்துக் கடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் அதைவிட மோசம், உள்ளிருக்கும் இழைகளில் சிலவற்றை அதுவே வெட்டிவிடலாம். வயரை இறுக்கி அழுத்திப் பிடிக்கும் சரியான அளவு கிரிம்ப், மேலே சூட்டில் சுருங்கும் உறை, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ். எர்த்துக்குப் பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பு. இதற்குமேல் உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. மஞ்சள் உறை போட்ட வயர் ஏர்பேக்குடையது, டெஸ்ட் லேம்ப்பைத் தூக்கிக்கொண்டு அதன் பக்கம் போகாதீர்கள் என்பதை மட்டும் கடைக்குப் புதிதாக வரும் பையன்களிடம் சொல்லிவிடுங்கள்.

காரில் அதிர்வு பட்டால் அலாரத்தை எழுப்பும் ஷாக் சென்சாரை இன்னொரு விஷயமாகச் சொல்ல வேண்டும். சின்னக் கார் எடை குறைவு, தகடு மெலிது. பெரிய காருக்கு வைத்த அதே அளவில் அதன் உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் குட்டித் திருகை வைத்துவிட்டால், லாரி ஒன்று தாண்டிப் போனாலே அலறும். இரவில் மூன்று முறை அலறிய காரை நான்காம் முறை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பார்ப்பவர் திட்டத்தான் பார்ப்பார். வாகன அலாரங்களுக்கான ஐ.நா. 97-ஆம் விதி சைரன் 25 முதல் 30 விநாடிக்குள் ஓய வேண்டும் என்கிறது. நிமிடக்கணக்கில் கத்தும் பெட்டியை யாராவது விரும்பிக் கேட்டால், அவருடைய பக்கத்து வீட்டுக்காரரையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

இப்போது, இந்த மடலை எழுதியதற்கான காரணத்துக்கு வருகிறேன். எர்த் துருப்பிடித்ததுகூட எனக்குப் பெரிய வருத்தமில்லை. வயர் என்றால் ஒருநாள் கெடும். இரண்டு நாள் வீணானது, என்ன செய்யப்பட்டிருக்கிறது என்பது காரில் எங்கும் எழுதப்படாததால். அலாரத்தைத் தற்காலிகமாக ஓய வைக்கும் வேலட் சுவிட்ச் ஒன்று ஃப்யூஸ் பெட்டிக்குப் பின்னால் இருப்பதே அன்றுதான் தெரிந்தது. முதல் சொந்தக்காரருக்கு வாய்மொழியாகச் சொல்லியிருக்கலாம். அவர் மறந்திருப்பார், அல்லது விற்கும்போது சொல்லத் தோன்றியிருக்காது.

ஒரு தாள் போதும். எந்த நிற வயரை எந்த இடத்தில் அறுத்தீர்கள், ரிலே 87-இலா 87a-இலா, ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர், எங்கே, எர்த் எந்தத் திருகில், வேலட் சுவிட்ச் எங்கே. எல்லாம் அணைந்து கார் தூங்கிய பிறகு மல்டிமீட்டர் வைத்து, அலாரத்தோடு சேர்த்துப் பேட்டரியிலிருந்து எவ்வளவு இழுக்கிறது என்பதையும் அளந்து எழுதுங்கள். அலாரம் மட்டும் 20 மில்லி ஆம்பியர் இழுத்தால்கூட ஒரு மாதத்தில் 14 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். சின்னக் காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது ஐந்தில் இரண்டு பங்கு. ஊருக்குப் போய்விட்டு வருபவருக்கு அந்த எண் தெரிந்திருக்க வேண்டும்.

திருடன் கையில் கிடைத்தால் என்னாவது என்பீர்கள். காருக்குள் வைக்க வேண்டாம். சொந்தக்காரர் கையில் கொடுங்கள், ஆர்.சி.யோடு வீட்டில் இருக்கட்டும், விற்கும்போது காரோடு கை மாறட்டும். கூலியில் அதற்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

என்னிடம் இப்போது அப்படி ஒரு தாள் இருக்கிறது. அந்த எலக்ட்ரீஷியன் ரிலேயை 87a-க்கு மாற்றிவிட்டு, பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தது. இரண்டு இடத்தில் கையெழுத்து புரியவில்லை. ஆனால் ‘எர்த், இடது பக்கத் திருகு, பெயின்ட் சுரண்டியாச்சு’ என்ற வரி மட்டும் தெளிவாக, கீழே கோடு போட்டு இருக்கிறது.

இப்படிக்கு,
பழைய சின்னக் காரின் இரண்டாம் சொந்தக்காரன்