உன்ர பதினெட்டு லட்சத்தைப் பற்றி

கிளிநொச்சி
மாசி 9

அன்பின் மச்சான்,

நாலு மாசமா மூச்சுக் காட்டாமல் இருந்திட்டு, இப்ப நல்லிணக்கக் கூட்டத்துக்கு நிதி கேட்டு நீ எழுதின மனுவைக் கிழிக்கத்தான் எழுதிறன். கோவிக்காதை. அம்மாவின்ர முழங்கால் எப்பிடி? இஞ்சை எல்லாரும் சுகம். வாத்தியார் அதே சைக்கிள், அதே மணி.

மனுவை ரெண்டு தரம் வாசிச்சன். 'நல்லிணக்கம்' பத்தொன்பது இடத்திலை வருது. மாடு ஒரு இடத்திலையும் இல்லை. உங்கடை பக்கத்திலை ஆர் ஆரோடை முகம் பாத்துக் கதைக்கிறேல்லை எண்டு உனக்குத் தெரியாதே? வயல்காரரும் பட்டிக்காரரும். காலபோகம், அதுதான் மாரி நெல், விதைச்ச உடனை மேய்ச்சலுக்குத் தரை இல்லை, மாடு இரவிலை வேலி பாயுது, பேந்து கட்டாக்காலி எண்டு பிடிச்சுக் கட்டித் தண்டம். சண்டை பொலிசுக்குப் போகுது, இல்லாட்டி மத்தியஸ்த சபைக்குப் போகுது. நிதி குடுக்கிறவை கேக்கிற 'நாகரிகமான உரையாடல்' எண்டதை நான் மரியாதையோடை முரண்படுறது எண்டுதான் விளங்கிறன். முரண்பட ஒரு விசயம் வேணும். உன்னட்டை அது வாசல்லையே கட்டிக் கிடக்கு.

நீ கேட்டிருக்கிறது பதினெட்டு லட்சம். ஒரு மண்டபம், ஒரு நாள், முன்னூறு பேர், முன்னூறு ரீசேட். ஐஞ்சு மணித்தியாலம் எண்டால் முன்னூறு நிமிசம், ஆளுக்கு ஒரு நிமிசம். அதுவும் விளக்கேத்தி, பொன்னாடை போத்தி, பிரதம விருந்தினர் பேசாமல் இருந்தால். மேடையிலை அதிகாரி இருந்தால் சனம் ஒருத்தரோடை ஒருத்தர் கதைக்காது, அவரிட்டை மனுக் குடுக்கும். அது எங்கடை சனத்தின்ர பிழை இல்லை. மேடையின்ர பிழை.

24 பேரை எடு. எட்டு வயல்காரர், எட்டுப் பட்டிக்காரர், மிச்சம் எட்டும் கூலிக்குப் போற பெண்கள், இளம் பெடியள், பால் சேர்க்கிறவை. அதே 24 பேரும் ஆறு தரம், தரத்துக்கு மூண்டு மணித்தியாலம். ஆக்களைச் சங்கத் தலைவர் தெரிய விடாதை. அவர் தன்ர பக்கத்து நல்ல பிள்ளையளைத்தான் அனுப்புவார். கத்திறவை உள்ளுக்கை இருக்கவேணும், வெளியிலை விட்டால் ஏழாவது கூட்டத்தை அவை தேத்தண்ணிக் கடையிலை நடத்துவினம்.

சேத்து இருத்த முந்தி ரெண்டு பக்கத்தையும் வேறை வேறையாச் சந்தி. இதை எல்லாரும் விடுகிறது, அங்கைதான் குழம்புது. நடத்துறதுக்கு ரெண்டு பேர், ஒவ்வொரு பக்கமும் நம்புற ஒராள். ஆறு அமர்வு நாளோடை பத்து ஆயத்த நாளுக்கும் கூலி போடு. கிராம அலுவலரையும் கமநல சேவை நிலையத்துக்காரரையும் நாலாவது அமர்வுக்குப் பிறகு கூப்பிடு. முதல் நாள் கேள்வி 'மாட்டுக்காரருக்குப் பொறுப்பில்லையோ' எண்டு வரக்கூடாது. 'ஐப்பசியிலை மாட்டை எங்கை விடுறது' எண்டு வரட்டும். பெரிய கடதாசியிலை குளம், வாய்க்கால், மாடு போற பாதை, பயிர் அழிஞ்ச இடம் எல்லாத்தையும் அவையே கீறட்டும். பதில் சொல்ல முந்தி, மற்றவர் சொன்னதை அவர் 'ஓம், அதுதான்' எண்டு சொல்லுமட்டும் திருப்பிச் சொல்லவேணும். எரிச்சலான விதி, ஆனால் வேலை செய்யும்.

இனிக் காசு. சாப்பாடு தேத்தண்ணி 30 பேருக்கு ஆறு நாள், தலைக்கு 700 எண்டால் 1,26,000. போக்குவரத்து 72,000. பட்டிக்காரர் கூட்டத்துக்கு வந்தால் அண்டைக்கு மாட்டை ஆர் பாக்கிறது? எட்டுப் பேருக்கும் பதில் ஆள் வைக்க நாளுக்கு 2,500 படி 1,20,000. இதைச் சம்பளம் எண்டு எழுதினால் வெட்டுவினம், 'பங்குபற்றுநர் ஆதரவு' எண்டு எழுது. குழந்தை பாக்க ரெண்டு பெண்களுக்கு 24,000. நடத்துறவைக்கு நாளுக்கு 5,000 படி 1,60,000. கூட்டிப் பார், 5,02,000. கணக்காய்வு, கடதாசி, நூற்றுக்கு ஐஞ்சு எதிர்பாராச் செலவு எல்லாம் போட்டாலும் எட்டு லட்சத்தைத் தாண்டாது. அதுக்கு மேலை ரெண்டு லட்சத்தைக் கூட்டத்திலை அவை ஒத்துக்கொண்டதைச் செய்துபாக்க ஒதுக்கு: ஒரு மாட்டுப் பாதைக்கு வேலி, ஒரு தண்ணித் தொட்டி. என்ன செய்யிறதெண்டு இப்ப எழுதாதை. உச்சத்தொகையையும் ஆர் எப்பிடித் தீர்மானிப்பினம் எண்டதையும் மட்டும் எழுது. கையிலை ஒண்டும் இல்லாமல் ஆறு தரம் கதைச்சால் கசப்புத்தான் மிஞ்சும்.

ஆக மொத்தம் பத்து லட்சம். நிதி குடுக்கிறவை 40, 40, 20 வீதம் எண்டு மூண்டு தவணையாத் தந்தால் ரெண்டு லட்சம் அறிக்கை முடியுமட்டும் நிக்கும். சின்னச் சங்கங்கள் கடன்படுறது இந்தக் கடைசி இருபதாலைதான். 50, 40, 10 கேள். கணக்காய்வுக் கூலி போலப் பொறுக்கக்கூடிய செலவைக் கடைசிக்குத் தள்ளு. 2022இலை டொலர் 200இலை இருந்து 350ஐத் தாண்டினதை மறந்திடாதை. ரூபாயிலை ஒப்பந்தம் எழுதினால் ஒரு செலவுத் தலைப்பிலை இருந்து மற்றதுக்குப் பத்து வீதம் மாத்த அனுமதியையும் சேத்து எழுது. சமைக்கிற அக்காவிட்டை பில் இராது. பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் போட்ட வவுச்சரை ஏற்பம் எண்டு ஒப்பந்தத்திலையே போடச் சொல்லு. வங்கிக்கு மூண்டிலை ரெண்டு கையொப்பம், ஒரே வீட்டிலை ரெண்டு வேண்டாம். உங்களுக்கு மட்டும் இதைச் சொல்லத் தேவை இருக்கு, ஏனெண்டு உனக்கே தெரியும்.

திகதி பாத்துப் போடு. வற்றாப்பளைப் பொங்கலுக்கும் மடு ஆவணித் திருநாளுக்கும் ஒருத்தரும் வராயினம், சிறுபோக அறுவடைக்கும் வராயினம். ஆறாவது அமர்வு, விதைப்புக்கு முந்தி விவசாயிகள் கூடுற காலபோகக் கூட்டத்துக்கு முந்தி முடியவேணும், மாடு அகற்றிற திகதி அங்கைதான் தீர்மானமாகும். வெலிஓயாப் பக்கத்துச் சிங்களச் சனத்தையும் சேர்க்கிறதெண்டால் மொழிபெயர்ப்பு நேரத்தைப் பாதியாக்கும், அமர்வை எட்டாக்கு.

அளவுகோலாய் 'எண்பது வீதத்தார் மனம் மாறினர்' எண்டு எழுதியிருக்கிறாய். படிவத்திலை எல்லாரும் நல்ல பெட்டியிலைதான் புள்ளடி போடுவினம். ஆறுக்கும் வந்தவை எத்தினை பேர், பொலிசுக்குப் போகாமல் முடிஞ்ச பிணக்கு எத்தினை, காலபோகக் கூட்டக் குறிப்பிலை ஒத்துக்கொண்ட திகதி ஏறிச்சோ? இது மூண்டும் காணும்.

இரணைமடுக் குளத்துத் தண்ணியை நினைச்சுப் பார். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோற திட்டத்துக்குக் கடன் ஒழுங்காகி, வரைபடம் முடிஞ்சு, பிறகுதான் இஞ்சத்தை விவசாயிகள் எதிர்த்தவை. கடைசியிலை தாளையடியிலை கடல்தண்ணியைச் சுத்திகரிக்கவேண்டி வந்தது, 2024இலைதான் திறந்தவை. அதை நினைச்சால் எனக்கு இந்தப் பத்து லட்சம் சின்னக் காசாத் தெரியேல்லை.

ரீசேட்டை வெட்டிப்போட்டு வெள்ளிக்கிழமைக்குள்ளை புதிசா எழுதி அனுப்பு, ஞாயிறு பாத்துத் தாறன். வாத்தியாருக்கு மட்டும் ஒரு ரீசேட் அடி, அளவு உனக்குத் தெரியும்.

உன்ர
மச்சான்