யூனிகோடுக்கு வந்து சேர்ந்தோம், எல்லோருக்கும் நன்றி

அன்பு நண்பர்களுக்கு,

நம் பெயர்ப் பதிவேடு முழுவதும் யூனிகோடுக்கு, அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியீட்டு முறைக்கு, வந்துவிட்டது. பெயர்களெல்லாம் கட்டங்களாகவும் கேள்விக்குறிகளாகவும் கிடந்த கதை உங்களுக்குத் தெரியும், கூடவே இருந்து பார்த்தவர்கள் நீங்கள். இன்று கடைசி அட்டவணையும் சரியாக வந்ததும் முதலில் எழுதத் தோன்றியது இந்த மடலைத்தான்.

லத்தீன்-1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய குறியீடு) என்று குறிக்கப்பட்ட புலத்துக்குள் யூடிஎஃப்-8 (யூனிகோடு எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) பைட்டுகள் இருப்பதைக் கண்டுபிடித்து, "நேரே மாற்றாதீர்கள், முதலில் வெறும் பைட்டுகளாக வைக்கும் பைனரி வகைக்குக் கொண்டுபோங்கள், அப்புறம் யூடிஎஃப்-8 என்று சொல்லுங்கள்" என்று தடுத்தவர். ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆகும், பைட் கணக்கில் நீளம் வைத்த புலங்களில் பெயர்களின் வால் அறுந்துபோகும் என்று முன்பே எச்சரித்தவர். டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் ஏறிய பழைய வரிசைகளைத் தனியே பிரித்துக் கொடுத்தவர்கள். கேட்டபோதெல்லாம் பேக்கப்பை மீட்டுக் கொடுத்தவர்கள். உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஆனால் இந்த மடல் முக்கியமாக ஆவணப் பிரிவு அக்காவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சோதனைப் பிரதியில் வரிசைகளின் எண்ணிக்கை சரியாக இருந்தது, திரையில் தமிழ் பளிச்சென்று தெரிந்தது. வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அக்காவை யாரும் சரிபார்க்கச் சொல்லவில்லை. அவராகவே அச்சுப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராகத் தட்டித் தேடியிருக்கிறார். சாயங்காலம் வந்து, "தம்பி, கோமதின்னு ஒருத்தங்க பட்டியல்ல இருக்காங்க. தேடினா இல்லைங்குது. பாருங்களேன்" என்றார்.

பார்த்தோம். 'கோ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். ஓகாரக் குறிக்கென்றே ஒற்றை எண் உண்டு. இரட்டைக் கொம்பையும் காலையும் அடுத்தடுத்து வைத்தாலும் திரையில் அதே உருவம்தான் வரும். டிஸ்கியிலிருந்து மாற்றிய நிரல் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்திருந்தது. அக்காவின் விசைப்பலகை ஒற்றை எண்ணை அனுப்பியது. நம் தேடல் பைட்டுகளை ஒப்பிடுவதால் இரண்டும் அதற்கு வேறு வேறு ஆட்கள். கொ, கோ, மொ, மோ என்று தொடங்கும் பழைய பெயர்கள் அத்தனையும் கண்ணுக்குத் தெரிந்தும் தேடலில் அகப்படாமல் இருந்தன. எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது இப்படிப் பிரிந்து கிடப்பதை ஒற்றை எண்ணாகச் சேர்க்கும் யூனிகோடின் பொது வடிவத்துக்கு, கொண்டுவந்ததும் கோமதி கிடைத்துவிட்டார்.

அக்கா வராமல் இருந்திருந்தால்? "பெயர் இல்லையே" என்று அந்தக் கோமதிக்குப் புதிதாக ஒரு பதிவு போட்டிருப்பார்கள். அவருடைய பழைய கணக்கெல்லாம் வேறு யாருடையதோ போல அடியில் கிடந்திருக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வந்திருக்காது. நினைத்தால் இப்போதும் பகீரென்கிறது. எண்ணிக்கை சரியா என்று நிரல் பார்க்கும். கோமதி கிடைக்கிறாரா என்று தேடிப் பார்க்க, அந்தப் பெயர்களோடு தினமும் புழங்கும் ஒருவருக்குத்தான் தோன்றும். இனி எந்த மாற்றமானாலும், அன்றாடம் அதில் தேடுகிறவர்கள் உட்கார்ந்து தேடிப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் முடிந்ததாகக் கையெழுத்திட மாட்டேன்.

அக்கா, நீங்கள் நேற்று கேட்ட கௌரி, கௌசல்யா விஷயம் வேறு மாதிரி. அங்கே சிலர் ஒற்றைக் கொம்பு போட்டு, பக்கத்தில் 'ள' என்ற எழுத்தையே தட்டியிருக்கிறார்கள். பார்வைக்கு ஔகாரம் போலவே இருந்தாலும் என்எஃப்சி அதைத் தொடாது. கையால்தான் திருத்த வேண்டும். நீங்கள் குறித்துவைத்த பட்டியலை அனுப்புங்கள், திங்கட்கிழமை இருவரும் சேர்ந்தே உட்கார்ந்து முடித்துவிடலாம்.