இஸ்லாமிய இயக்கங்களிடம் கேட்கப்படாத கேள்விகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இஸ்லாமிய இயக்கங்கள் குறித்துத் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் வெளியான கட்டுரை, அவற்றின் செயல்கள் அனைத்துக்கும் மறைநூல் வரிகளிலேயே காரணம் தேடியிருந்தது. அந்த வரிகள் பதினான்கு நூற்றாண்டுகளாக மாறவில்லை. இயக்கங்களோ ஏதோ ஓர் ஆண்டில், ஏதோ ஒரு நகரில் எழுந்து, வேறோர் ஆண்டில் அடங்கிவிடுகின்றன. அந்த ஆண்டில் ஏன் என்ற கேள்வியைக் கட்டுரையாளர் தொடவே இல்லை.

தொழிற்சங்கங்களையும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தையும் ஆராய்ந்த சமூகவியலாளர்கள், ஓர் இயக்கம் ஆட்களையும் பணத்தையும் கூடும் இடத்தையும் எங்கிருந்து திரட்டியது, அரசு எந்தக் கதவைத் திறந்து எதை அடைத்தது, மக்களின் மனக்குறை எந்தச் சொற்களில் எடுத்துரைக்கப்பட்டது என்றே கேட்டார்கள். இஸ்லாமிய இயக்கங்களுக்கு மட்டும் இந்தக் கேள்விகள் ஏன் பொருந்தக் கூடாது?

1978 ஜனவரியில் ஈரானின் கும் நகரில், மன்னர் ஷாவின் ஆட்சியை எதிர்த்த ஆர்ப்பாட்டக்காரர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. இறந்தவர்களுக்கு நாற்பதாம் நாள் துக்கம் அனுசரிப்பது அங்கே வழக்கம். பிப்ரவரியில் அந்த நாள் வந்தபோது தப்ரீஸ் நகரில் துக்கம் போராட்டமாக மாறி, அங்கும் உயிர்கள் போயின. அவர்களுடைய நாற்பதாம் நாள், மார்ச் இறுதியில் யஸ்த் முதலிய நகரங்களில் அடுத்த கூட்டத்தைக் கூட்டியது. நாள் குறிக்கத் தலைமையகம் எதுவும் தேவைப்படவில்லை. சடங்கும் பழையதுதானே என்று கேட்கலாம். உண்மைதான், சினத்தை உண்டாக்கியது சடங்கு அன்று, ஏற்கெனவே மூண்டிருந்த சினத்துக்கு அது இடமும் நாளும் கொடுத்தது.

எகிப்தின் கதை வேறு. சட்டப்படி அங்கீகாரம் இல்லாத முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பினர், 1980களில் மருத்துவர், பொறியாளர் சங்கத் தேர்தல்களில் வென்றிருந்தார்கள். 1992 அக்டோபரில் கெய்ரோ நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களிடம், அரசு அதிகாரிகளுக்கு முன்பே அச்சங்கங்களின் கூடாரங்களும் போர்வைகளும் போய்ச் சேர்ந்தன. அரசு அதன் பொருளை உடனே புரிந்துகொண்டது என்றே நினைக்கிறேன்: மறு ஆண்டே சங்கத் தேர்தல்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது.

இவ்வாறு ஆராய்வது வன்முறைக்குச் சப்பைக்கட்டு கட்டுவதாகாது. நம்பிக்கைக்கு இதில் இடமில்லை என்றும் நான் சொல்லவில்லை. அது எப்போது, எதன் வழியாகச் செயலாகிறது என்பதே கேள்வி.

கட்டுரையில் அல்ஜீரியாவின் ஆயுதக் குழுக்களுக்கு மூன்று பத்திகள் ஒதுக்கப்பட்டிருந்தன. இஸ்லாமிய மீட்பு முன்னணி 1991 டிசம்பரில் தேர்தலின் முதல் சுற்றில் 188 இடங்களை வென்றதும், 1992 ஜனவரியில் ராணுவம் குறுக்கிட்டு இரண்டாம் சுற்றையே ரத்து செய்ததும், இரண்டு மாதங்களில் அக்கட்சி தடை செய்யப்பட்டதும் அவற்றில் ஒரு வரியாகக்கூட இடம்பெறவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்