ஏரிக்கரைப் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழுக்கு உடன் நின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் ஏரிக்கரைக் குடியிருப்பின் இருளர் பிள்ளைகள் அனைவருக்கும் பழங்குடியினர் சான்றிதழ் கிடைத்துவிட்டது. தாள்களைப் பெற்றோரிடம் கொடுத்தபோது எல்லோரும் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி தனியாக முட்டி மோதிக் கிடைத்ததல்ல இது. யார் யாரால் கிடைத்தது என்பதை ஊரறியச் சொல்லிவிட விரும்புகிறேன்.

தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு உள்ளது 1 விழுக்காடு. மிகவும் நலிவுற்றவை என்று அரசே வகைப்படுத்தியுள்ள ஆறு பழங்குடிகளில் இருளரும் ஒன்று. ஆனாலும் கையில் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு அந்த ஒரு விழுக்காடும் ஏட்டுச் சுரைக்காய்தான். பத்தாம் வகுப்பு முடிந்ததும் உதவித்தொகை, விடுதி, கல்லூரி என்று எந்த வாசலில் நின்றாலும் முதலில் அந்தத் தாளைத்தான் கேட்பார்கள். அது இல்லாதவர்கள் சவுக்கு வெட்டவோ செங்கல் அறுக்கவோ போய்விடுகிறார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. முன்பணம் கொடுத்துக் குடும்பத்தையே சூளையில் கட்டிப்போடும் வழக்கம் மட்டும் இன்னும் ஒழியவில்லை. என் வகுப்பில் கணக்கில் முதலாவதாக வந்த பெண்ணை அப்படித்தான் இழந்தேன்.

விண்ணப்பித்தால் பெற்றோரின் சான்றிதழைக் கேட்கிறார்கள். பள்ளிக்கூடமே பார்க்காதவர்களிடம் அது எப்படி இருக்கும்? ஓர் அலுவலகத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம், உனக்கு எலி பிடிக்கத் தெரியுமா, பாம்பு பிடிக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். வேறு எந்தச் சாதிப் பிள்ளையிடமாவது தாத்தன் தொழிலைச் செய்துகாட்டச் சொல்வார்களா? அந்தக் கோபம் இன்னும் எனக்கு அடங்கவில்லை.

இந்த வழியில் எங்களுக்கு முன்பே நடந்தவர் பேராசிரியர் பிரபா கல்விமணி. கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவர். 1993இல் ஓர் இருளர் பெண்ணுக்குக் காவல்துறையினரால் நேர்ந்த கொடுமைக்கு நீதி கேட்டு நின்றவர். பின்னர் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்டி எழுப்பினார். ஆசிரியருக்கு வகுப்பறைக்கு வெளியேயும் கடமை உண்டு என்று திண்டிவனம் பக்கத்து ஆசிரியர்கள் பலர் அவரைப் பார்த்தே கற்றுக்கொண்டோம். ஐயாவுக்கு என் வணக்கம்.

மனுக்களைக் காசு வாங்காமல் எழுதிக்கொடுத்து, தள்ளுபடி செய்தால் எழுத்துப்பூர்வமாகக் காரணம் கேளுங்கள் என்று எங்களுக்குச் சொல்லித்தந்த வழக்கறிஞர் தம்பிக்கு நன்றி. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் வாய்வார்த்தையாகத் திருப்பி அனுப்புவது நின்றது. இரவு வரை கடையைத் திறந்துவைத்து ஒவ்வொரு விண்ணப்பமாகப் பதிவேற்றிய இ-சேவை மையத்துத் தங்கைக்கும், நான் அலுவலகங்களில் காத்துக்கிடந்த நாட்களில் என் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட சக ஆசிரியை அக்காவுக்கும் நன்றி. அரசு ஊழியருக்கு இந்த வேலை எதற்கு என்று சிலர் எச்சரித்தபோது, போய் வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவர் என் தலைமையாசிரியர்.

கிராம நிர்வாக அலுவலரை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் மேசையில் இருந்தபடியே முடிவு செய்ததை, அவர் குடியிருப்புக்கே வந்து விசாரித்தார். கன்னியம்மன் வழிபாடு, மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்த் தங்குவது, கொள்வினை கொடுப்பினை என்று பெரியவர்களிடம் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். யாரையும் பாம்பு பிடித்துக் காட்டச் சொல்லவில்லை. நேர்மையாக எழுதப்பட்ட அந்த அறிக்கைதான் கோட்டாட்சியரின் கையெழுத்து வரை போனது.

எல்லோருக்கும் மேலான நன்றி பெற்றோருக்கு. அன்றாடக் கூலியை நம்பி அடுப்பு எரியும் வீடுகள் அவை. ஒவ்வொரு விசாரணை நாளும் அவர்களுக்குக் கூலி போன நாள். என் சம்பளத்தில் எதுவும் பிடித்தம் செய்யவில்லை, அவர்களுக்குச் சோறே போனது. கைக்குழந்தையோடு வெயிலில் அலுவலக வாசலில் உட்கார்ந்து, பதில் தெரியாமல் எழுந்திருக்க மாட்டோம் என்று சொன்ன தாய்மார்களை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது. உங்களைத்தான் நான் கும்பிட வேண்டும்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது விடுதிச் சேர்க்கை, வங்கிக் கணக்கு, உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் ஒன்றாக வரும். பக்கத்துக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு இன்னும் சான்றிதழ் இல்லை. வழக்கறிஞர் தம்பியும் இ-சேவை தங்கையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். படிவம் நிரப்பத் தெரிந்த இளைஞர்கள் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரைக்கு வந்தால் போதும்.

நன்றியுடன்,
ஏரிக்கரைப் பிள்ளைகளின் ஆசிரியை