சேமிக்க மறுக்கும் எக்செல்: கோளாறு கோப்பில்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரை நாள் உழைத்து நிரப்பிய கணக்கைச் சேமிக்கும் நேரத்தில் ‘ஆவணம் சேமிக்கப்படவில்லை’ என்று எக்செல் அறிவித்தால், கோப்பு கெட்டுவிட்டதாக எண்ணிப் பலரும் மென்பொருளை மூடித் திறக்கிறார்கள். அன்றைய உழைப்பு அத்துடன் போய்விடுகிறது. கணக்குப் பிரிவில் பணிபுரிபவள் என்ற முறையில், பெரும்பாலும் இது தவிர்க்கக்கூடிய இழப்பு என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எக்செல் பழைய கோப்பின் மேலேயே எழுதுவதில்லை. அதே ஃபோல்டரில், எண்ணும் எழுத்தும் கலந்த 8 எழுத்துப் பெயரில் ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கி, கணக்கு முழுவதையும் அதில் எழுதி முடித்த பிறகு, பழையதை நீக்கிவிட்டு அதன் பெயரைப் புதியதற்குச் சூட்டுகிறது. ஆகவே அந்த ஃபோல்டரில் எழுதும் அனுமதி மட்டும் போதாது. நீக்கவும் பெயர் மாற்றவும் அனுமதி வேண்டும். பொது சர்வரில் பாதுகாப்பு கருதி நீக்கும் அனுமதியை எடுத்துவிட்டு, பிறகு சேமிக்கத் தெரியவில்லை என்று ஊழியரைக் கடிந்துகொள்வது நியாயமே அன்று. ஆன்ட்டிவைரஸ் மென்பொருள் அந்தத் தற்காலிகக் கோப்பைச் சோதனைக்காகப் பிடித்துவைத்தாலும், இடையில் நெட்வொர்க் துண்டிக்கப்பட்டாலும் சேமிப்பு இவ்வாறே தடைபடலாம். ஃபோல்டர்களின் பெயர்களையும் சேர்த்துக் கோப்பின் முழு முகவரி 218 எழுத்துகளைத் தாண்டினாலும் எக்செல் ஏற்காது.

செய்தி தோன்றியதும் எதையும் மூடாமல், ‘சேவ் ஆஸ்’ வழியாகக் கணினியின் சொந்த டிஸ்க்கில், சிறிய புதுப் பெயரில் சேமித்துப் பார்க்க வேண்டும். அங்கே சேமிக்க முடிந்தால் கோளாறு பெரும்பாலும் பழைய இடத்தில்தான். அங்கும் முடியாவிட்டால், தாள்கள் அனைத்தையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்துப் புதிய ஒர்க்புக்கிற்கு, அதாவது புதிய எக்செல் கோப்பிற்கு, நகலெடுக்கலாம். ஒவ்வொன்றாக நகலெடுத்தால், பிற தாள்களைச் சார்ந்த ஃபார்முலாக்கள் பழைய கோப்பையே சுட்டி நிற்கும். அவசரத்தில் எக்செலின் பழைய கோப்பு வடிவமான எக்ஸ்எல்எஸ்ஸை மட்டும் நாட வேண்டாம்: 65,536 வரிசைகளுக்கு அப்பால் உள்ளவை அதில் இடம்பெறா.

ஏற்கெனவே மூடிவிட்டவர்கள், அதே ஃபோல்டரில் அந்த 8 எழுத்துப் பெயருடைய கோப்பு எஞ்சியிருக்கிறதா என்று தேடி, அதை நகலெடுத்து, பெயரின் இறுதியில் ‘.எக்ஸ்எல்எஸ்எக்ஸ்’ என்ற விகுதியை ஆங்கில எழுத்துகளில் சேர்த்துத் திறந்து பார்க்கலாம். எப்போதும் கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை; ஆனாலும், எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்யத் தொடங்கும் முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் இதைப் படங்களுடன் விளக்கி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி