என் பழைய யோசனையை மறந்துவிடு

அன்புள்ள தோழிக்கு,

எட்டு மாதம் எழுதாமல் இருந்துவிட்டேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அக்காவின் முழங்கால் தேவலை, மாடிப்படி ஏறுகிறாள். பெரியவர் இன்னும் கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் ஓடவிட்டு எல்லோரையும் விரட்டிக்கொண்டிருக்கிறார். மஞ்சள் வாளி உன்னிடம்தான் இருக்கிறது, மறுக்காதே. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீயும் வீடு சுத்தம் செய்யும் தொழிலில் இறங்கப் போவதாகச் சொன்னபோது நான் என்ன சொன்னேன்? "சம்பளத்துக்கு ஆள் வைக்காதே. சுயதொழிலாகச் செய்பவர்களைப் பிடி. விடுப்புச் சம்பளம் கிடையாது, வேலை இருந்தால் கூப்பிடு, இல்லையென்றால் விடு." அந்த யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். நீ யாரிடமும் கையெழுத்து வாங்குவதற்கு முன் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

மூன்று மாதத்துக்கு முன், நான்கு வருடமாக எனக்கு வேலை செய்கிறவர் ஒரு வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஆறு வாரம் மாவுக்கட்டு. மருத்துவமனையிலிருந்து போன் செய்தார். வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "என் வீடுகளை வேறு யாருக்கும் நிரந்தரமாகக் கொடுத்துவிடாதீங்க" என்றுதான் கேட்டார். என் காப்பீடு வீட்டுக்காரரின் பொருள் உடைந்தால் கொடுக்கும், அவர் கை உடைந்தால் கொடுக்காது. நான் கையிலிருந்து ஏதோ கொடுத்தேன். ஆனால் அது என் மனசைப் பொறுத்த விஷயமாக இருந்தது. அவர் உரிமையாகக் கேட்க ஒன்றுமில்லை.

அன்று இரவு அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்துப் படித்தேன். சொந்தமாகத் தொழில் செய்பவர், வேலையை ஏற்கலாம், மறுக்கலாம், தனக்குப் பதில் வேறொருவரை அனுப்பலாம் என்று இருந்தது. எழுதியது நான். ஆனால் எந்த வீடு, எத்தனை மணி, எவ்வளவு கூலி என்று முடிவு செய்ததும் நான். சீருடை என்னுடையது. கழிவறைக்குச் சிவப்புத் துணி, சமையலறைக்குப் பச்சை, மற்ற இடங்களுக்கு நீலம் என்று சட்டம் போட்டதும் நான். ஒரு நாள் காய்ச்சல் என்று தன் தங்கையை அனுப்பினார். முன்பின் தெரியாதவரிடம் சாவியைத் தரமுடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டேன். இதில் அவர் எங்கே சொந்தத் தொழில் செய்தார், சொல்?

அப்புறம் இரண்டு வாரம் இதையேதான் தேடித் தேடிப் படித்தேன். பிரிட்டனில் ஆட்டோகிளென்ஸ் என்ற கார் சுத்தம் செய்யும் நிறுவனத்தின் வழக்கு ஒன்று இருக்கிறது. அங்கே வேலை செய்த இருபது பேரின் ஒப்பந்தத்திலும் இதே வாசகங்கள்: சுயதொழில், மாற்று ஆளை அனுப்பலாம், வர வேண்டிய கட்டாயம் இல்லை. அவர்களே வரி கட்டினார்கள். இருந்தும் 2011இல் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம், நடைமுறையில் அவர்கள்தான் வந்தாக வேண்டும், அவர்களேதான் செய்தாக வேண்டும் என்று பார்த்து, குறைந்தபட்ச ஊதியமும் விடுப்புச் சம்பளமும் அவர்களுக்கு உண்டு என்றது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2006ஆம் ஆண்டுப் பரிந்துரையும் இதையேதான் சொல்கிறது: காகிதத்தில் உள்ள பெயரைப் பார்க்காதே, வேலை எப்படி நடக்கிறது என்று பார். நேரத்தை யார் குறிக்கிறார், கருவிகள் யாருடையவை, வருமானம் முழுக்க ஒரே இடத்திலிருந்து வருகிறதா என்று அதில் வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள். படிக்கப் படிக்க என் கதையைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள் போலிருந்தது.

அமெரிக்காவில் ஹோம்ஜாய் என்ற வீட்டுச் சுத்த நிறுவனம் 2015இல் மூடியதே, அப்போது அதன் மேல் இதே பிரச்சினைக்காக நான்கு வழக்குகள். டென்மார்க்கில் ஹில்ஃபர் என்ற வீட்டுச் சுத்த நிறுவனம் 2018இல் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. அந்த நிறுவனம் மூலம் 100 மணி நேரம் வேலை செய்தவர், தானே வேண்டாமென்று சொன்னாலொழிய, ஊழியராகிவிடுவார் என்று அதில் இருந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நூறு மணி நேரம்! என்னிடம் சிலர் ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைத்திருக்கிறார்கள்.

அதனால் என்னிடம் இருப்பவர்களைச் சம்பள ஊழியர்களாக்கினேன். செலவாகும், மறைக்க மாட்டேன். கூலி மணிக்கு 100 என்று வைத்துக்கொள். வருடத்தில் ஐந்து வாரம் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தால் வேலை செய்யும் ஒவ்வொரு மணிக்கும் சுமார் 111 ஆகிறது. முதலாளி கட்ட வேண்டிய தொகைகள் சேர்ந்தால் சுமார் 120. பெரிய ஓட்டை, வீட்டுக்கு வீடு போகும் நேரம்தான். எட்டு மணி நேரச் சம்பளத்தில் ஆறரை மணிதான் யாரோ ஒரு வீட்டுக்காரர் காசு கொடுக்கும் நேரம். கணக்கு 150 பக்கம் போய் நின்றது. சோப்பு, துணி, காப்பீடு எல்லாம் அதற்கு மேல்.

அதனால் வீடுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒருவருக்கு நடந்து போகும் தூரத்திலேயே எல்லா வீடும் வருகிற மாதிரி அடுக்கினேன். இரண்டு நாள் முன்னால் சொல்லாமல் ரத்து செய்தால் பாதிக் கட்டணம் என்றேன். முன்பெல்லாம் அந்த நஷ்டம் அப்படியே வேலைக்காரரின் தலையில் விழும், எனக்குத் தெரியக்கூடத் தெரியாது. கட்டணத்தையும் ஏற்றினேன். இரண்டு வீடுகள் போய்விட்டன. ஒன்று போனதில் வருத்தம், இன்னொன்று போனதில் ஊழியர்கள் எல்லோருக்கும் நிம்மதி.

ஒரு லாபம் நான் எதிர்பார்க்காதது. இப்போது தயங்காமல் சொல்லிக்கொடுக்கலாம். பிளீச்சையும் கழிவறை ஆசிட்டையும் சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு வரும் என்று உட்காரவைத்துச் சொன்னேன், சம்பளம் கொடுத்த நேரத்தில். ஒருவர், தான் பல வருடம் அப்படித்தான் கலந்து வந்ததாகச் சொன்னார். மூச்சு முட்டும், ஜன்னலைத் திறந்துவிடுவேன் என்றார் சாதாரணமாக. எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது.

சுயதொழிலே தப்பு என்று சொல்லவில்லை. தன் கூலியைத் தானே சொல்லி, தன் மாப்பையும் வாளியையும் கொண்டுவந்து, ஐந்தாறு பேருக்கு வேலை செய்பவர் உண்மையிலேயே தனித் தொழில்காரர்தான். அப்படிப்பட்டவர்களை வீட்டுக்காரர்களோடு சேர்த்துவைத்து, அறிமுகக் கட்டணம் மட்டும் வாங்குவது நேர்மையான தொழில். உன் முதலீட்டுக்கு அது ஒத்துவரலாம். ஆனால் அப்போது சீருடை கொடுக்காதே, நேரம் குறிக்காதே, மாற்று ஆள் வந்தால் தடுக்காதே. உன் சுபாவம் எனக்குத் தெரியும். பரீட்சை ஹாலில் பக்கத்துப் பெஞ்சுக்காரி பென்சில் சீவுவதையே திருத்தியவள் நீ. உன்னால் சும்மா இருக்க முடியாது. சும்மா இருக்க முடியாது என்றால் சம்பளத்துக்கு வை.

உன் ஒப்பந்த நகலை எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்க்கலாம். அங்குள்ள சட்டம் தெரிந்த ஒருவரிடமும் காட்டிவிடு, என் பேச்சை மட்டும் நம்பாதே.

மணிக்கட்டு உடைந்தவர் திங்கட்கிழமை திரும்ப வருகிறார், ஊழியராக. ஒரு மாதம் கனமான வேலை கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதனால் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையை அவரிடம் கொடுத்திருக்கிறேன். தங்கையும் சேர்கிறாள். அவளுக்குச் சாவியை நானே என் கையால் கொடுக்கப் போகிறேன்.

வாளியை மறக்காதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி