இரண்டு இறக்கைக்கும் ஒரே தாள்

செல்லூர், மதுரை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நீ செய்யும் மாதிரி விமானத்தின் இடது இறக்கை இரண்டு நூல் அளவு குறைகிறது என்று நேற்று போனில் அழாத குறையாகச் சொன்னாய். இறக்கைப் படம் அச்சடித்து வெட்டிய தாளை ஃபோம் அட்டையில் வைத்து, ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் வரைந்தாயாமே. பிசகு அங்கேதான். பேனாவைக் கொஞ்சம் சாய்த்தாலே கோடு விலகும், தாளும் நழுவும்.

ரவிக்கையில் போடும் ஆரி எம்பிராய்டரிக்கு நான் பூக்கொடியைத் துணியில் இறக்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவள் நீ. டிரேசிங் தாளில் கோட்டின் மேலேயே ஊசியால் குத்திக்கொண்டு போவேன். வலது கைக்கு இறக்கியதும், அதே தாளைத் திருப்பிப் போட்டு இடது கைக்கும் இறக்குவேன். இரண்டு கைக்கும் தனித்தனியாக வரைந்ததே இல்லை. இறக்கைக்கும் அப்படியே செய்.

தாளின் நான்கு மூலையையும் டேப் போட்டு நிறுத்திவிட்டு, குண்டூசியால் தாளோடு ஃபோமையும் சேர்த்துக் குத்து. நேர்கோட்டுக்கு இரண்டு முனை போதும். வளைவில் அரை சென்டிமீட்டருக்கு ஒரு குத்து. ஊசி செங்குத்தாக இறங்க வேண்டும். தாளை எடுத்தபின் புள்ளிகளைச் சேர். மடக்க வேண்டிய கோட்டையும், விமானம் விரல் நுனியில் சமமாக நிற்க வேண்டிய இடத்தையும் மறக்காமல் குத்திவிடு.

துணியில் குத்திய தாளின் மேல் மண்ணெண்ணெயில் பொடி குழைத்துத் தேய்ப்பேன். ஃபோமில் அதைச் செய்துவிடாதே. மண்ணெண்ணெயோ தின்னரோ பட்டால் அது அரித்துக் குழிந்துபோகும்.

இதற்கெல்லாம் முன்னால் அச்சடித்த தாளை அளந்து பார். கடையில் தாளுக்குள் அடங்கும்படி சுருக்கி எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நூற்றுக்கு 3 பங்கு சுருங்கினாலும் ஒரு மீட்டர் இறக்கையில் 3 சென்டிமீட்டர் போய்விடும். விமானத்தின் உடம்பை ஒரு கடையிலும் இறக்கையை இன்னொரு கடையிலும் எடுத்தால் ஒன்றுக்குள் ஒன்று நுழையாது. முழு அளவில் எடுக்கச் சொல்லிக் கேட்டு வாங்கு.

வண்டியூர் தெப்பக்குளம் வற்றிக் கிடந்த காலத்தில், அதற்குள் இறங்கி நீ விட்ட முதல் விமானம் இடப்பக்கமாகவே சாய்ந்து சாய்ந்து விழுந்தது. இருட்டும்வரை வர மாட்டேன் என்று நின்றாய். அன்றைக்கே இதைச் சொல்லித் தந்திருக்க வேண்டும். தையலுக்கும் விமானத்துக்கும் என்ன உறவு என்று எனக்குத் தோன்றவில்லை.

கைப்பிடி வைத்த ஊசி ஒன்றும் டிரேசிங் தாள் பத்தும் பார்சலில் அனுப்புகிறேன். புது பிளேடு நீ வாங்கிக்கொள். மழுங்கிய பிளேடு ஃபோமைப் பிய்த்துவிடும்.

அம்மா